விக்கனின் நான்கு நிற உருமறைப்பு: டேப்பா, ஆயத்த மாஸ்க்கா, டிகாலா?

சுவீடனின் போர் விமானமான சாப் ஏஜே 37 விக்கனின் பிளாஸ்டிக் மாடல் கிட்டை வாங்கும் முன்பே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது: அந்த நான்கு நிற உருமறைப்பை எந்த வழியில் பூசப்போகிறீர்கள்? கையால் வெட்டிய டேப்பால் மூடியா, வெட்டி விற்கும் மாஸ்க் எனும் ஒட்டு மூடிகளாலா, டிகால் எனும் நீரில் ஊறவைத்து ஒட்டும் படலத்தாலா? எந்த அளவில் கிட் வாங்குவது, எந்த வகை பெயிண்ட் வாங்குவது, எந்த வரிசையில் ஒட்டுவது எல்லாமே இந்த ஒரு பதிலைப் பொறுத்தவை. முதலில் ஒட்டி முடித்துவிட்டுப் பிறகு யோசிக்கலாம் என்று விட்ட விக்கன்கள் பிரைமர் (அடிப்பூச்சு) நிறத்திலேயே அலமாரியில் நின்றுவிடும்.

சுவீடன் விமானப்படை போர்க்காலத்தில் தன் விமானங்களைப் பெரிய தளங்களில் குவித்து வைக்காமல், நெடுஞ்சாலைகளை ஓடுபாதையாக்கி நாடெங்கும் சிதறி நிறுத்தத் திட்டமிட்டிருந்தது. விக்கன் அதற்காகவே வடிவமைக்கப்பட்டது: சுமார் 500 மீட்டர் ஓடுபாதையே போதும், இறங்கியதும் எஞ்சின் உந்துவிசையை எதிர்த்திசையில் திருப்பிவிடலாம், குகைக் கொட்டகைக்குள் நுழைய வால் செட்டையை மடக்கலாம். காட்டோரத்தில் நிற்கும் விமானம் மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் படக்கூடாது என்பதுதான் அந்த உருமறைப்பின் நோக்கம். கிட்டத்தட்டக் கருப்பாகவே தெரியும் கரும்பச்சை, நடுப்பச்சை, வெளிர் பச்சை, மண் பழுப்பு என்று நான்கு நிறங்கள். அடியில் நீலச் சாம்பல். 'வயலும் புல்வெளியும்' என்று பொருள்படும் பெயர் அதற்கு. எல்லாத் துண்டுகளும் நேர்கோட்டு ஓரம் கொண்டவை, கூர் முனைகளில் ஒன்றோடொன்று முட்டுபவை.

மாடல் செய்பவருக்குச் சிக்கல் அந்த முனைகளில்தான். மற்ற ஜெட்களின் அலையலையான உருமறைப்பில் ஒரு கோடு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே மூன்று நிறங்கள் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன; ஒரு கோடு நகர்ந்தால் அந்தப் புள்ளி முக்கோணமாகக் கிழிந்து நிற்கும். புட்டியை உருட்டிக் கயிறாக வைத்து மென்மையான ஓரம் எடுக்கும் வழக்கமான உத்தி இங்கே உதவாது. உண்மையான விமானத்தில் ஓரங்கள் கத்தி வெட்டுப் போலிருக்கும்.

விக்கன் வேண்டும், இந்த உழைப்பு வேண்டாம் என்பவருக்கும் வழி உண்டு. வான்சண்டைக்கான ஜேஏ 37 வகையில் பல, இரு சாம்பல் நிறப் பூச்சில் பறந்தன. ஒரு மாலையில் பூசிவிடலாம். தொடக்க கால ஏஜே 37கள் சில வெற்று உலோக நிறத்தில் இருந்தன; ஆனால் அது எளிது என்று எண்ண வேண்டாம், மணல் தாளின் ஒவ்வொரு கீறலையும் உலோகப் பெயிண்ட் காட்டிக்கொடுக்கும். இந்திய விமானப்படை நிறத்தில் கற்பனை விக்கன் செய்பவர்களுக்கும் நல்ல காரணம் இருக்கிறது. எழுபதுகளில் இந்தியாவுக்கு விக்கனை விற்கும் பேச்சு நடந்தது. அதன் ஆர்எம்8 எஞ்சின் அமெரிக்க வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டது என்பதால் 1978இல் அமெரிக்கா அனுமதி மறுத்தது. இந்தியா ஜாகுவாரை வாங்கியது.

இனி உருமறைப்பைத்தான் பூசுவது என்று முடிவெடுத்தவர்களுக்கு.

எந்த வழிக்கும் பொதுவான ஒரு விதி

ஒவ்வொரு எல்லைக்கோடும் ஒரே ஒரு முறைதான் வெட்டப்பட வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலில் அடிப்பகுதியின் நீலச் சாம்பலைப் பூசி, காய்ந்ததும் அதன் ஓரத்தைத் துல்லியமாக டேப்பால் மூடுங்கள். நடுப்பரப்பைச் சாதாரணக் காகிதத்தால் மூடினால் போதும், பசை படும் இடம் குறையும். சக்கரக் குழிகளில் ஈரப் பஞ்சை அடைத்துவிடுங்கள். அடுத்து மேற்புறத்தில் பழுப்பு. பழுப்பு வரும் இடங்களைத் தாண்டி நன்றாக வழியும்படி அடியுங்கள். காய்ந்ததும் பழுப்புத் துண்டுகளை மட்டும் எல்லாப் பக்கமும் துல்லியமாக மூடுங்கள். அதன்மேல் வெளிர் பச்சை. வெளிர் பச்சையை மூடும்போது, அது பழுப்பைத் தொடும் பக்கத்தில் துல்லியம் தேவையில்லை. ஏற்கெனவே ஒட்டிய டேப்பின்மேல் தாராளமாக ஏறி நிற்கட்டும். மற்ற இரு பச்சைகளைத் தொடும் பக்கம் மட்டும் கச்சிதமாக இருக்க வேண்டும். பிறகு நடுப்பச்சை, அதற்கு மூடி. கடைசியாகக் கரும்பச்சை; அதற்கு மாஸ்க்கே வேண்டாம். டேப்பை ஒன்றும் இடையில் எடுப்பதில்லை, எல்லாம் முடிந்தபின் ஒரே வேளையில் உரிப்பது.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பழுப்புக்கு மறைக்கும் திறன் குறைவு. அதைக் கரும்பச்சையின் மேல் அடித்தால் நான்கைந்து பூச்சு தேவைப்படும், ஓரத்தில் படிக்கட்டு போல மேடு கட்டும். வெளிர் நிறத்தின்மேல் இருள் நிறம் இரண்டு மெல்லிய பூச்சில் மூடிவிடும். பிரைமர் ஒரே சீரான சாம்பலாக இருக்கட்டும். கருப்புப் பிரைமரில் நிழல் எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதில் அதை விட்டுவிடலாம். அப்படிச் செய்தால் பழுப்பு அழுக்காகவும், கரும்பச்சை நிழலே இல்லாமலும் வரும்.

கையால் வெட்டும் டேப்

செலவு மிகக் குறைவு, உழைப்பு மிக அதிகம். வாஷி வகை மாஸ்கிங் டேப், அதாவது டாமியா விற்கும் மஞ்சள் காகித டேப், 18 மி.மீ. ஒன்று, 6 மி.மீ. ஒன்று, 2 மி.மீ. ஒன்று இருந்தால் 1/48 (அசலில் 48இல் ஒரு பங்கு) விக்கனுக்குப் போதும். 11ஆம் எண் பிளேடுகள் அரை டஜன், ஒரு கண்ணாடித் தகடு, இரும்பு அளவுகோல்.

வரைபடத்தை மாடலின் அளவுக்குக் கொண்டுவருவதுதான் முதல் வேலை. விக்கனின் இறக்கை வீச்சு 10.6 மீட்டர். 1/48இல் அது 221 மி.மீ., 1/72இல் 147 மி.மீ. கிட்டோடு வரும் நிற வரைபடத்தில் வீச்சை அளந்துபாருங்கள், 130 மி.மீ. என்றால் 221ஐ 130ஆல் வகுத்து 170 சதவீதத்தில் நகலெடுக்க வேண்டும். நகல் வந்ததும் மறுபடி அளக்க மறக்காதீர்கள், நகல் இயந்திரங்கள் ஓரிரு சதவீதம் ஏமாற்றும்.

இறக்கை, முன் இறக்கை, வால் செட்டை மூன்றும் தட்டையானவை. நகலின்மேல் டேப்பை ஒட்டி, கோட்டின்மேல் வெட்டி, அப்படியே மாடலுக்கு மாற்றிவிடலாம். உடலில் இந்த வித்தை பலிக்காது. மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் உடலின் பக்கச் சரிவு சுருங்கித் தெரியும், 5 மி.மீ. என்று காட்டுவது மாடலில் 9 மி.மீ. பரப்பில் விழும். பக்க வரைபடத்தை எடுத்தாலும் அதே தொல்லை மறுபுறம் வரும். அதனால் உடலில் வரைபடத்தைத் துண்டாக வெட்ட முயலாதீர்கள். பேனல் லைன்களை (தகடுகளின் இணைப்பைக் காட்டும் செதுக்குக் கோடுகளை) ஆயக்கோடுகளாகப் பயன்படுத்துங்கள்: இந்தக் கோடு மூன்றாவது பேனல் லைனை எந்த இடத்தில் வெட்டுகிறது, அடுத்ததை எங்கே வெட்டுகிறது என்று பார்த்து வண்ணப் பென்சிலால் புள்ளி வையுங்கள். சாதாரணப் பென்சில் கரி பழுப்பின் வழியாகக் கசியும். இரு புள்ளிகளுக்கு இடையே 2 மி.மீ. டேப்பை இழுத்து ஒட்டினால் நேர்கோடு தானாக வரும். துண்டின் ஓரத்தை இப்படிச் சட்டம் போல் கட்டிவிட்டு உள்ளே அகல டேப்பால் நிரப்புங்கள்.

டேப் சுருளின் பக்கவாட்டு ஓரத்தை அப்படியே நம்ப வேண்டாம். பையில் கிடந்து தூசியும் நாரும் ஒட்டியிருக்கும், பெயிண்ட் அதன் வழியாகக் கசியும். கண்ணாடியில் ஒட்டி அரை மில்லிமீட்டர் சீவி எறிந்துவிட்டு வெட்டுங்கள். மாடலின் மேல் வைத்து வெட்டவே கூடாது. பிளேடு பிளாஸ்டிக்கில் விடும் கீறல் அப்போது கண்ணுக்குத் தெரியாது. கடைசியில் பேனல் லைனுக்கு வாஷ் (கோடுகளில் தேங்கி அவற்றை எடுத்துக்காட்டும் நீர்த்த பெயிண்ட்) விடும்போது இல்லாத பேனல் லைனாக எழுந்து நிற்கும்.

முன் இறக்கைகளை ஒட்டாமல் தனியாகப் பூசுவது வசதி என்றாலும், நிறத்துண்டுகள் உடலிலிருந்து அவற்றின்மேல் தொடர்கின்றன. அவற்றைப் பசையில்லாமல் பொருத்தி வைத்து டேப்பை இரண்டின்மேலும் சேர்த்து ஒட்டி, இணைப்பில் அறுத்துப் பிரியுங்கள். இதை மறந்தவர்களின் விக்கனில் உடலில் ஒரு கோடும் முன் இறக்கையில் இன்னொரு கோடுமாக முறிந்து கிடக்கும்.

இந்த வழியின் உண்மையான பலம் என்னவென்றால் எந்தக் கிட்டுக்கும், எந்த அளவுக்கும் பொருந்தும். காகித டேப் வளைவுகளோடு இசைந்து போகும். பலவீனம், பொறுமை தீரும்போது துல்லியமும் தீர்ந்துபோவது. வலப்பக்கம் அழகாகவும் இடப்பக்கம் அவசரமாகவும் முடிந்த விக்கன்களைப் பார்த்தால் எந்தப் பக்கத்தை முதலில் செய்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

ஆயத்த மாஸ்க்

இயந்திரத்தில் வெட்டி, எண்ணிட்டு விற்கும் தொகுப்பு. கோடுகள் எங்கே என்ற கேள்வியே இல்லை, உரித்து ஒட்டுவதுதான். வாங்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, எந்தக் கிட்டுக்காக வெட்டப்பட்டது என்பது. 2014இல் வந்த டாரங்கஸ் 1/48 கிட்டும் பழைய எஸ்கி 1/48 கிட்டும் ஒரே விமானம்தான், ஆனால் உடலின் பருமனும் பேனல் லைன்களும் ஒன்றல்ல. ஒன்றுக்கான மாஸ்க் மற்றதில் இறக்கையில் ஓரளவு உட்காரும். உடலில் துண்டுகளுக்கு இடையே இடைவெளி விழும். டாரங்கஸ் அச்சிலிருந்து ஸ்பெஷல் ஹாபி வெளியிட்ட 1/48 கிட்டுகளுக்கு இந்தக் கவலை இல்லை.

இரண்டாவது, பொருள். வினைலா, வாஷி காகிதமா? வினைல் தட்டைப் பரப்பில் மிகக் கூர்மையான ஓரம் தரும். ஆனால் வளைவில் அதை இழுத்து ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும், முனை மெல்ல எழும்பும். விக்கனில் அது எழும்பும் இடங்களை முன்கூட்டியே சொல்லலாம்: காற்று உள்வாங்கியின் தோள்பட்டை, இறக்கை உடலோடு சேரும் வேர், முதுகு மேடு, இறக்கையின் முன்னோரத்தில் தோட்டா போல நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா குமிழ். அங்கே வினைலை இழுக்காமல் பேனல் லைன் வழியாக இரண்டாக அறுத்து முட்டவைத்து, மூட்டின்மேல் மெல்லிய காகித டேப் ஒன்றைப் போடுங்கள். குமிழைச் சுற்றித் திரவ மாஸ்க் (காய்ந்ததும் உரித்தெடுக்கும் திரவம்) தடவுவதே மேல்.

சில தொகுப்புகளில் நான்கு நிறத் துண்டுகளும் ஜிக்சா போல ஓரத்தோடு ஓரம் பொருந்தும்படி வெட்டியிருப்பார்கள். பார்க்கத் துல்லியம், பயன்படுத்த ஆபத்து. வெளிர் பச்சைத் துண்டு பழுப்புத் துண்டோடு சரியாக முட்டி நிற்கும்போது நடுவில் தலைமுடி அளவு இடைவெளி விழுந்தால் அதில் நடுப்பச்சையும் கரும்பச்சையும் இறங்கி, கடைசியில் எல்லா எல்லையிலும் ஒரு மெல்லிய இருள் கோடு கிடைக்கும். மேலே சொன்ன விதிதான் மருந்து: ஒவ்வொரு கட்டத்திலும் பழைய மூட்டுகளின்மேல் ஒரு 2 மி.மீ. டேப்பை ஒட்டிவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள். தொகுப்பின் குறிப்பில் இது எழுதியிருக்காது.

1/72க்கு ஆயத்த மாஸ்க்கைத் தயங்காமல் வாங்கலாம். மாடல் முழுவதும் சுமார் 23 செ.மீ. நீளம், சில துண்டுகள் விரல்நகத்தைவிடச் சிறியவை. கையால் வெட்டினால் ஒவ்வொரு முனையும் ஒரு போராட்டம்.

சொந்தமாக வெட்டும் இயந்திரம்

வீட்டில் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் இருப்பவருக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்கலாம். இதற்காகவே வாங்குவது கட்டுப்படியாகாது. வரைபடத்தைக் கணினியில் கோடுகளாக வரைந்து, வாஷித் தாளில் வெட்டுவது. அளவுப் பிழைதான் எதிரி: அரை சதவீதம் தவறினால் 1/48இல் இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகல் வரும். அதனால் முதலில் 100 மி.மீ. சதுரம் ஒன்றைக் காகிதத்தில் வெட்டி இரு பக்கமும் அளந்து சரிசெய்துகொள்ளுங்கள். உடலின் சரிவுச் சிக்கல் இங்கேயும் தீராது. முதல் வெட்டை வெறும் காகிதத்தில் எடுத்து மாடலில் போர்த்திப் பார்த்து, கோப்பைத் திருத்தி, இரண்டாம் முறை வாஷியில் வெட்டுவதுதான் நடைமுறை. இரண்டு மூன்று விக்கன்கள் செய்பவருக்கு இந்த உழைப்பு திரும்பக் கிடைக்கும்.

டிகால்

நிறத்துண்டுகளையே நீரில் ஊறவைத்து ஒட்டும் டிகாலாக்கும் முறை, சதுரப் புள்ளிகளால் ஆன டிஜிட்டல் உருமறைப்புக்கு ஏற்றது. உக்ரைனின் சுகோய் 27, ஸ்லோவாக்கியாவின் மிக் 29 போன்றவற்றில் நூற்றுக்கணக்கான சிறு படிக்கட்டு ஓரங்கள் இருக்கும், கையால் மூடுவது நடக்காத காரியம். விக்கனுக்கு இது தேவையில்லை. படலம் பேனல் லைன்களை மூடும், இறக்கை வேரில் மடிப்பு விழும், பளபளப்புப் பூச்சு சீராக இல்லாவிட்டால் அடியில் காற்று நின்று வெள்ளி போல மின்னும். பெயிண்ட்டும் டிகாலும் சந்திக்கும் இடத்தில் நிறம் ஒத்துப்போவதே இல்லை.

பெயிண்ட் தேர்வு மாஸ்க்கோடு சேர்ந்தது

நான்கு முறை மூடி, ஒரே முறை உரிக்கப்போகும் பரப்பு இது. அதனால் அடியில் உள்ள பெயிண்ட் பிளாஸ்டிக்கைக் கடித்துப் பிடித்திருக்க வேண்டும். லாக்கர் வகை (மிஸ்டர் கலர் போன்றவை) இதற்கு முதல் தேர்வு. லெவலிங் தின்னரோடு ஒன்றுக்கு ஒன்று முதல் ஒன்றுக்கு ஒன்றரை வரை கலந்து, ஏர்பிரஷின் (காற்றழுத்தத்தால் பெயிண்ட் தெளிக்கும் கருவி) 0.3 மி.மீ. முனையில், 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடித்தால் இரண்டு மணி நேரத்தில் டேப் தாங்கும். ஒரு வார இறுதியில் நான்கு நிறமும் முடியும். இந்த வேகம் வெறும் வசதிக்காக அல்ல. முதல் டேப் மாடலில் மூன்று நாளுக்கு மேல் கிடந்தால், நம் ஊர் வெயிலில் பசை இளகிப் பரப்பில் தங்கிவிடும்.

டாமியா அக்ரிலிக்கை லாக்கர் தின்னரில் கலந்தாலும் நல்ல பலன் கிடைக்கும்; ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் இரவு விடுங்கள். வலேஹோ போன்ற நீர் அக்ரிலிக்குகள் தூரிகைக்கு அருமையானவை, ஆனால் இந்த வேலையில் டேப்போடு தோல் போல உரிந்து வந்துவிடும் ஆபத்து அதிகம். அவைதான் கைவசம் என்றால் லாக்கர் பிரைமர் கட்டாயம், நிறத்துக்கு நிறம் ஒரு முழு நாள், டேப்பின் பசையை உள்ளங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்துக் குறைத்துக்கொள்ளுங்கள். எனாமல் காய நாள்கணக்கில் ஆகும், அதற்குள் பசை பிரச்சினை வந்துவிடும்.

மழைக்காலத்தில் லாக்கர் அடிக்கும்போது பரப்பில் வெண்பனி படர்ந்தால் அது காற்றின் ஈரம். மெதுவாகக் காயும் தின்னரைக் கூட்டுங்கள், அல்லது அன்று ஏர்பிரஷைத் தொடாதீர்கள்.

கசிவைத் தடுக்க, டேப் ஒட்டியதும் ஓரத்தின்மேல் தெளிவான லாக்கரை மிக மெல்லியதாக ஒரு முறை அடியுங்கள். கசிய வேண்டியது நிறமில்லாமல் கசிந்து இடைவெளியை அடைத்துவிடும். இரு நிற உருமறைப்பில் கீழ் நிறத்தையே இதற்குப் பயன்படுத்துவார்கள். மூன்று நிறம் சந்திக்கும் முனையில் எந்த நிறத்தை அடிப்பது என்ற குழப்பம் வரும், அதனால் இங்கே தெளிவான பூச்சுதான் சரி. அடிக்கும் திசை எப்போதும் டேப்பிலிருந்து வெளிநோக்கி, அல்லது நேர் மேலிருந்து. ஓரத்தை நோக்கி அடித்தால் பெயிண்ட் அடியில் புகும்.

கரும்பச்சையை வெறும் கருப்பாக வாங்கிவிடாதீர்கள். 1/72 மாடல் கையில் பிடிக்கும் தூரத்தில் பார்க்கப்படுவது, அசல் கருப்பு அங்கே ஓட்டை போலத் தெரியும். ஆயத்த விக்கன் நிறம் கிடைத்தாலும் சில துளி நடுப்பச்சை சேர்த்தால் மற்ற மூன்றோடு ஒட்டி நிற்கும்.

எதை எங்கே

1/48க்கு எங்கள் தேர்வு கலப்பு முறை. இறக்கை, முன் இறக்கை, வால் செட்டை மூன்றுக்கும் ஆயத்த மாஸ்க்கையோ நகலில் வெட்டிய டேப்பையோ பயன்படுத்துங்கள். தட்டைப் பரப்பில் இரண்டும் ஒரே தரம். உடலுக்குத் தொகுப்பில் வினைல் இருந்தாலும் அதைக் கோட்டின் வழிகாட்டியாக மட்டும் வைத்து, ஓரங்களை 2 மி.மீ. காகித டேப்பால் கட்டுங்கள். தொகுப்பு கிடைக்காவிட்டால் முழுவதையும் டேப்பிலேயே செய்யலாம், ஆனால் ஒரு நாளில் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். 1/72க்கு வாஷி மாஸ்க் தொகுப்பு. அது கிடைக்காவிட்டால் சாம்பல் நிற ஜேஏ 37ஐச் செய்வது நல்ல முடிவு. முதல் ஏர்பிரஷ் மாடலாக எந்த அளவிலும் இந்த உருமறைப்பு வேண்டாம்.

உரிக்கும்போது கடைசியாக ஒட்டியதை முதலில் எடுங்கள். டேப்பைத் தன்மேலேயே மடித்து, பரப்போடு ஒட்டிய கோணத்தில் மெல்ல இழுங்கள். செங்குத்தாக இழுத்தால் ஓரம் துண்டு துண்டாகப் பிய்யும். ஒரு நாள் விட்டு, எல்லைகளில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டினால் 3000 எண் மணல் தாளை நனைத்து மூன்று நான்கு முறை மட்டும் தேய்த்தால் போதும். கசிந்த இடங்களைத் தூரிகையால் திருத்தாதீர்கள், ஏர்பிரஷ் பரப்புக்கு நடுவே அது தனியாகத் தெரியும். இரண்டு டேப் துண்டுகளை அதே கோணத்தில் ஒட்டி, அதே நிறத்தை இன்னும் மெலிதாகக் கலந்து இரண்டு வீச்சு அடித்தால் காணாமல் போகும். இதற்காகவே நான்கு நிறத்திலும் கலந்த பெயிண்ட்டைக் கொஞ்சம் மூடி வையுங்கள்.

பளபளப்புப் பூச்சு, மூன்று கிரீடச் சின்னங்கள், எச்சரிக்கை எழுத்துகள் எல்லாம் முடிந்தபின் வாஷ். இங்கேயும் நான்கு நிறத்துக்கும் ஒரே வாஷ் ஒத்துவராது. பழுப்பிலும் வெளிர் பச்சையிலும் கரும்பழுப்பு நன்றாக எடுபடும், கரும்பச்சையில் அது மறைந்துவிடும். அந்தத் துண்டுகளுக்கு மட்டும் நடுத்தரச் சாம்பல் வாஷ் விட்டால் பேனல் லைன்கள் விமானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடும்.